மணி பிளான்ட்டைத் தூக்கி எறியட்டுமா?

கேள்வி: வீட்டில் தவழ்கிற குழந்தையும் ஒரு பூனையும் இருக்கிறார்கள். கூடத்தில் மணி பிளான்ட், டிஃபன்பேக்கியா, பீஸ் லில்லி வைத்திருக்கிறேன். டிஃபன்பேக்கியா இலையைக் கடித்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் எறிந்துவிடட்டுமா? (ஒரு வாசகி)

பதில்: எறிய வேண்டாம் அம்மா, குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தது ஊதிப் பெருக்கிய செய்தி. ஆனால் அதற்காக அலட்சியமாகவும் இருந்துவிட முடியாது.

நீங்கள் சொன்ன மூன்று செடிகளிலும் இருப்பது கால்சியம் ஆக்சலேட் படிகம். நுண்ணோக்கியில் பார்த்தால் கட்டுக்கட்டாக அடுக்கிய ஊசிகள் போலத் தெரியும். இலையை மென்றதும் அவை நாக்கிலும் ஈறிலும் குத்தி ஏறும். உடனே எரிச்சல், வீக்கம், எச்சில் வடிதல், அழுகை. இவற்றில் டிஃபன்பேக்கியாதான் கடுமையானது; பேச்சே வராத அளவுக்கு நாக்கு வீங்குவதுண்டு. எரிகிற இலையை யாரும் தொடர்ந்து மெல்லமாட்டார்கள் என்பதால் பெரும்பாலும் ஒரு கடியோடு நின்றுவிடும். குழந்தையின் வாயில் இருக்கும் துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்தெடுத்துவிட்டு, குளிர்ந்த நீரோ பாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தொண்டை மறுபடி புண்ணாகும். சாறு கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். மூச்சுத் திணறினாலோ விழுங்க முடியாவிட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கால்நடை மருத்துவராக நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. பூங்கொத்துகளில் வருகிற லில்லி. உங்கள் பீஸ் லில்லி அந்த இனமே இல்லை. அசல் லில்லியின் இலை, இதழ், மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூனை பூவைத் தின்ன வேண்டும் என்றுகூட இல்லை. உரசிக்கொண்டு போகும்போது முதுகில் ஒட்டும் செம்பழுப்புப் பொடியை நக்கினாலே போதும். முதலில் வாந்தி, சோர்வு. அப்புறம் தேறிவிட்டதுபோல் நடமாடும், வீட்டில் இருப்பவர்களும் நிம்மதியாகிவிடுவார்கள். ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழந்திருக்கும். எனவே அறிகுறிக்காகக் காத்திருக்காமல், நக்கியது தெரிந்த உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். முதல் 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். பூனை இருக்கிற வீட்டுக்குள் லில்லி வரவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

நாய் வளர்ப்பவர்கள் சாகோ பாமை (சிறு பனை போலத் தோன்றும் அலங்காரச் செடி) தவிர்க்க வேண்டும். அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு, விதை இன்னும் மோசம்; கல்லீரலைத் தாக்கும். அரளியும் அடீனியமும் (பாலைவன ரோஜா) இதயத்தைப் பாதிப்பவை. இவை மனிதருக்கும் ஆபத்து.

எந்தச் செடி என்று தெரிந்தால்தான் மருத்துவரால் வேகமாகச் செயல்பட முடியும். தொட்டியில் செடியின் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். கடித்துவிட்டால் அந்த இலையையோ அதன் புகைப்படத்தையோ கையோடு கொண்டுவாருங்கள். பூனைக்கு எட்டுகிற இடத்தில் பச்சை வேண்டுமென்றால் ஸ்பைடர் பிளான்ட், அரேகா பாம், போஸ்டன் ஃபெர்ன் வைக்கலாம். அவற்றை நிறையத் தின்றால் வயிறு கொஞ்சம் கலங்கலாம், அவ்வளவுதான்.