எத்தனை எம்எம் கல்?

அன்புள்ள ஐயா,

மூன்று மாதம் முன்பு சிறுநீரில் ரத்தம் போனது. வலி இல்லை. சிறுநீர்ப்பையில் புற்றுநோய்க் கட்டி என்று கண்டுபிடித்து, சிறுநீர் வழியாகவே கருவியை விட்டு இரண்டு தடவை சுரண்டி எடுத்தார்கள். டி1, ஹை கிரேடு, அதாவது வீரியமான வகையாம். தசைக்குள் போகவில்லை, ஆரம்பநிலைதான் என்கிறார் மருத்துவர். அடுத்த வாரம் பிசிஜி என்ற மருந்தைப் பைக்குள் விடத் தொடங்குகிறார்கள். மனைவியைத் தவிர எல்லோரிடமும் 'கல்' என்று சொல்லியிருக்கிறேன். இதே நோய் உள்ளவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்றில் சேரச் சொல்கிறார் செவிலியர். அவர்கள் கதையைக் கேட்டால் பயம் கூடிவிடாதா? எனக்கு ஏன் இது வந்தது என்றும் புரியவில்லை. சிகரெட்டை நாளைக்கு இரண்டாகக் குறைத்துவிட்டேன். ஆல்கலைன் வாட்டர் என்கிறார்களே, அந்தக் கார நீர் குடித்தால் நல்லதாமே?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

கார நீரை விடுங்கள். தண்ணீர் குடியுங்கள், போதும்.

உங்கள் கடிதத்தில் 'கல்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஆறு வருடத்துக்கு முன் நானும் அதைத்தான் சொன்னேன். நுரையீரலில் வந்திருந்தால் கேன்சர் என்றே சொல்லியிருப்பேன். இது மூத்திர சமாச்சாரம். கருவியை எந்த வழியாக விட்டிருப்பார்கள் என்று கேட்கிறவர் மனதில் ஓடுமே, அந்தக் கூச்சம்.

ஆனால் பொய்க் கல்லைக் கட்டிக் காப்பது லேசில்லை. "எத்தனை எம்எம்?" என்று கேட்டார் மைத்துனர். ஆறு என்றேன். இந்த நோய் திரும்பத் திரும்ப முளைக்கிற வகை. அதனால் ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கோப், அதாவது கேமராக் குழாய், விட்டுப் பையைப் பார்ப்பார்கள். அடுத்த ஸ்கோப்புக்குப் போகும்போது மறுபடி கேட்டார். ஞாபகம் இல்லாமல் எட்டு என்றுவிட்டேன். "ஆறு எட்டாச்சா? முதல்ல டாக்டரை மாத்துங்க" என்று ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டார். இல்லாத கல்லை வளர்ப்பதும் உடைப்பதுமாக இரண்டு வருடம் ஓட்டினேன். கல் என்று சொன்னால் கல்லுக்கு உள்ள ஆறுதல்தான் கிடைக்கும். "கல்தானே!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள். ராத்திரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பது நாம்தான்.

இரண்டாவது பிசிஜிக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் எழுபது வயதுக்காரர் ஒருவர். என் பக்கம் திரும்பாமலே "எத்தனாவது?" என்றார்.

"ரெண்டாவது."

"நாலு மணி நேரமா ஒண்ணும் குடிக்கலையே?"

குடித்திருந்தேன். மருந்தை இரண்டு மணி நேரம் பைக்குள் வைத்திருக்க வேண்டும். முதல் வாரம் முக்கால் மணியிலேயே எழுந்து ஓடியிருந்தேன். ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. கொடுத்த தாளிலும் அச்சடித்துத்தான் இருந்தது, யார் படித்தார்கள்! மிச்சத்தையும் அவரே சொன்னார். உள்ளே விடுவது காசநோய்த் தடுப்பூசியில் இருக்கும் அதே உயிருள்ள கிருமி, அதனால் ஆறு மணி நேரத்துக்கு உட்கார்ந்தே போக வேண்டும், போனதும் பிளீச்சிங் ஊற்றிக் கால் மணி நேரம் விட வேண்டும். எரியும், அடங்கிவிடும். குளிர் நடுங்கிக் காய்ச்சல் ஏறினால் மட்டும் விடியட்டும் என்று பார்க்காமல் போன் போட வேண்டும்.

அப்புறம் கேட்டார்: "வெளியில என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

"கல்லுன்னு."

"எத்தனை எம்எம்?"

செவிலியர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், அப்படிச் சிரித்தோம். அவருடையது பத்து எம்எம்மாம்.

நீங்கள் கேட்டது என்ன, பயம் கூடுமா என்றுதானே? கொஞ்சம் கூடும். தேறியவர்கள் தங்கள் பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவதிப்படுகிறவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். அவர்களுடைய கிரேடு வேறு, உங்களுடையது வேறு. அதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். மருந்தை மாற்றச் சொல்கிறவர் இருந்தால் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்காருங்கள்.

இனி திட்டு. ஏன் வந்தது என்று கேட்டுவிட்டு அடுத்த வரியிலேயே பதிலையும் எழுதியிருக்கிறீர்கள். சாயத் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கு இந்தப் புற்றுநோய் வருவதை 1895இல் ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் எடுத்துச் சொன்னார். சாயத்தில் இருந்த அரோமாட்டிக் அமீன்கள் என்ற ரசாயனங்களின் வகை சிகரெட் புகையிலும் இருக்கிறது. நுரையீரல் வாங்கி, ரத்தம் சுமந்து, சிறுநீரகம் வடிகட்டி, கடைசியில் பையில்தான் மணிக்கணக்காகத் தேங்குகிறது. இந்த நோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம். சுரண்டிய புண் இப்போதுதான் ஆறியிருக்கிறது, அதன் மேலேயே அதை ஊற்றிக்கொண்டு 'இரண்டாகக் குறைத்துவிட்டேன்' என்று எனக்கு எழுதுகிறீர்கள், பாராட்டுவேன் என்று நினைத்தீர்களா? அந்தத் தொழிலாளிகளுக்கு வயிற்றுப்பாடு. உங்களுக்கு என்ன? இருபது வருடம் ஊதியவன் நான். திட்ட எனக்கு உரிமை உண்டு.

செவ்வாய்க்கிழமை எனக்கு 15வது ஸ்கோப். முந்தின ராத்திரி தூக்கம் வராது, இப்போதே தெரியும். நீங்களும் விழித்துக் கிடந்தால் ஒரு வரி எழுதுங்கள். கையில் சிகரெட் இருந்தால் அணைத்துவிட்டு எழுதுங்கள்.