சுங்க வேலை, நிலம், அரசியல்: கலங்கும் தந்தைக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. சுங்கத்துறையில் தடுப்பு அலுவலராகத் தேர்வாகியிருக்கும் மகன், பணியில் சேரும் முன்பே "பத்து வருடம் பார்த்துவிட்டு அரசியலுக்குப் போய்விடுவேன்" என்று சொல்வதும், அதற்குச் சான்றாக முதுகலை வரலாற்றில் தான் படித்த பாப்லோ தெ லா கெர்ரா என்னும் மெக்சிகோக்காரரைக் காட்டுவதும் தங்களைக் கலங்க வைத்திருக்கின்றன. "அவரும் நிலக்கிழார், சுங்க அதிகாரி, பிறகு செனட்டர், நீதிபதி" என்று மகன் அடுக்கிய வரிசையில் பிழையில்லை. ஆனால் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு அவர் எப்படிப் போனார் என்பது அந்த வரிசையில் இல்லை. தாங்கள் முடிவெடுக்க அதுதான் தேவைப்படுகிறது.

கெர்ரா 1819இல் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் பிறந்தவர். தந்தை அவ்வூர்ப் படைத்தளத்தின் தளபதி. பெரும் பண்ணைகளுக்கு உரிமையாளர். அக்காள் கணவரான வில்லியம் ஹார்ட்னெல் என்ற ஆங்கிலேய வணிகர் மான்டெரே அருகே நடத்திய பள்ளியில் கெர்ரா ஆங்கிலம் கற்றார். இருபது வயதை ஒட்டி மான்டெரே சுங்கச்சாவடியில் சேர்ந்து, பின்னர் அதன் பொறுப்பையும் ஏற்றார். குடும்பச் செல்வாக்கு இல்லாமல் அந்த நாற்காலி கிடைத்திருக்காது என்பதைத் தங்கள் மகனிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். மகன் எழுதித் தேர்வானதைப் போன்ற போட்டித் தேர்வு எதையும் கெர்ரா எழுதவில்லை.

அந்தச் சாவடியில் நடந்த வேலை என்னவென்று பார்க்க வேண்டும். மெக்சிகோவின் ஆட்சியிலிருந்த அன்றைய கலிஃபோர்னியாவில் அயல்நாட்டுக் கப்பல்கள் முதலில் மான்டெரேக்கு வந்தாக வேண்டும் என்பது விதி. பாஸ்டனிலிருந்து வந்த கப்பலின் தலைவர் சரக்குப் பட்டியலை நீட்டுவார்; அதிகாரி கப்பலில் ஏறித் துணிமூட்டையையும் இரும்புச் சாமானையும் பட்டியலோடு ஒப்பிட்டு மதிப்புப் போடுவார்; தீர்வை கட்டிய பிறகுதான் கடற்கரை நெடுகப் போய்ப் பண்ணைகளில் சரக்கை விற்று, மாட்டுத்தோலும் கொழுப்பும் ஏற்றிக்கொள்ள முடியும். தோலையே "கலிஃபோர்னியா நோட்டு" என்று சொல்லும் அளவுக்குக் கையில் காசு புழங்காத நாடு அது. மாகாண அரசின் செலவுக்குப் பெரும்பங்கு பணம் இந்த ஒரு கட்டடத்திலிருந்தே வந்தது. தீர்வை கடுமையாக இருந்ததால் கள்ளக்கடத்தலும் ஓயவில்லை. அரசு எங்கிருந்து சாப்பிடுகிறது, யார் எதை ஒளிக்கிறார்கள், எந்தத் தாள் செல்லும், எது செல்லாது என்பதையெல்லாம் ஓர் இளைஞர் இருந்த இடத்திலிருந்தே பார்த்துக் கற்கும் வாய்ப்பு அந்த மேசையில் இருந்தது.

மெக்சிகோவோடு நடந்த போரில் அமெரிக்கா மான்டெரேயைக் கைப்பற்ற, 1846 ஜூலை 7 அன்று அதே சாவடியின் கம்பத்தில் அமெரிக்கக் கொடி ஏறியது. வேலை போனது, கெர்ரா சில காலம் கைதியாகவும் வைக்கப்பட்டார். அவர் அறிந்திருந்த மெக்சிகோவின் தீர்வைச் சட்டங்களுக்கு அங்கே இனி மதிப்பில்லை. மிஞ்சியவை மொழியும், ஆவணத்தைப் படிக்கும் பழக்கமும், குடும்பப் பெயரும்தான்.

அவற்றை வைத்துக்கொண்டு, கலிஃபோர்னியா மாநிலத்துக்கு அரசியலமைப்பு எழுத 1849இல் மான்டெரேயில் கூடிய பேரவைக்குப் போனார். 48 உறுப்பினர்களில் ஸ்பானிஷ் பேசுவோர் சிறு கூட்டமே. ஆங்கிலம் தெரிந்திருந்தும் அவர் ஸ்பானிஷிலேயே, மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினார். வாக்குரிமை "வெள்ளையருக்கு" என்று எழுதப்பட்டபோது, அந்தச் சொல்லுக்கு உண்மையான பொருள் என்ன என்று கேட்டார். கலிஃபோர்னியாவில் இயற்கையாகவே கருத்த நிறமுடைய பலர் வாக்களித்தும் உயர்ந்த பதவி வகித்தும் இருக்கிறார்கள், அவர்களைத் தள்ளுவது அநீதி என்றார். ஒரு சொல்லின் எல்லையைத் துருவிக் கேட்ட அந்த முறையில் பழைய சுங்க அதிகாரியின் கை தெரிவதாக நான் நினைக்கிறேன். ஆனால் ஆப்பிரிக்க இனத்தாரைத் தள்ளுவதுதான் நோக்கமென்றால் தமக்குச் சம்மதமே என்றும் அதே மூச்சில் சொன்னார். மகன் அவரை முன்மாதிரியாகக் கொள்வதானால் இந்தக் கறையையும் சேர்த்தே படிக்க வேண்டும். சட்டங்கள் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் வெளியாக வேண்டும் என்ற விதி அந்த அரசியலமைப்பில் இடம்பெற்றது.

பிறகு மாநில செனட் உறுப்பினர், 1861இல் பொறுப்புத் துணை ஆளுநர், அடுத்து மாவட்ட நீதிபதி என்று உயர்ந்தார். நீதிபதியாக இருந்தபோது, அவர் அமெரிக்கக் குடிமகனே அல்லர், அந்தப் பதவிக்குத் தகுதியற்றவர் என்று வழக்கு வந்தது. 1870இல் மாநில உச்ச நீதிமன்றம், மெக்சிகோ கலிஃபோர்னியாவை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்த 1848ஆம் ஆண்டு உடன்படிக்கையைக் காட்டி அவர் குடிமகனே என்று தீர்த்தது. மாநிலத்தின் அரசியலமைப்பில் கையெழுத்திட்டவருக்கே இருபது ஆண்டு கழித்து இந்த நிலை.

தங்கள் இன்னொரு கேள்வி, "நிலம் இருக்கிறதே, அது போதாதா?" என்பது. 1844இல் கெர்ராவுக்கும் ஜான் கூப்பர் என்பவருக்கும் சேர்த்து வழங்கப்பட்ட நிக்காசியோ பண்ணை 56,000 ஏக்கருக்கு மேல் (அது முன்னர் மிவோக் பழங்குடியினருக்கு வாக்களிக்கப்பட்ட நிலம் என்பது தனிக்கதை). அமெரிக்க அரசின் 1851ஆம் ஆண்டு நிலச் சட்டம், பழைய உரிமையாளரே நில ஆணையத்தின் முன் உரிமையை நிரூபிக்க வேண்டும் என்றது. 800க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் குவிந்தன. முடிவு கிடைக்கப் பல ஆண்டுகள் ஆனதால் வழக்குச் செலவுக்கே நிலம் விற்றவர்கள் உண்டு. 1860களின் வறட்சியில் மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. தெற்கே பண்ணைக் குடும்பங்கள் நொடித்துப்போன அந்த ஆண்டுகளில்தான் கெர்ரா நீதிபதி நாற்காலியில் இருந்தார்.

ஆகவே என் கருத்து இது: மகன் வேலையில் சேரட்டும். ஆனால் கெர்ராவின் காலம் வேறு, நம் விதிகள் வேறு. மத்திய அரசு ஊழியர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கவோ அதற்காக வேலை செய்யவோ 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இடம் தரவில்லை. தேர்தலில் நிற்க வேண்டுமானால் வேலையை விட்டுவிட்டுத்தான் நிற்க வேண்டும். எனவே "வேலையோடு கொஞ்சம் கட்சி வேலை" என்ற எண்ணம் இருந்தால், அதை இப்போதே கைவிடச் சொல்லுங்கள். விட வேண்டிய நாளில் எவ்வளவு சேமிப்பு இருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுத் தாளில் எழுதச் சொல்லுங்கள். வெறும் வாய்ப்பேச்சாக இருந்தால் அது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். பணியிடத்தில் சட்டத் தொகுப்பை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, அதைத் தமிழில் ஒரு வணிகருக்கு விளங்கும்படி எழுதிப் பார்க்கும் பழக்கத்தை முதல் ஆண்டிலேயே தொடங்கட்டும்.

நிலத்தைப் பொறுத்தவரை, அவர் பணியில் சேரும் தேதிக்கு முன் பட்டா-சிட்டா, வில்லங்கச் சான்று இரண்டையும் தாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை சரிபாருங்கள். தாத்தா பெயரிலேயே நிற்கும் சர்வே எண் ஏதேனும் இருந்தால், அதைக் குறித்துக்கொண்டு அடுத்த சந்திப்புக்கு நியமன ஆணையுடன் எடுத்து வாருங்கள்.