கணக்குச் சேர் பதில்கள்

கேள்வி: மகள் தரம் 6 படிக்கிறாள். கணிதப் புத்தகம் முழுக்கப் படமும் செயற்பாடும்தான். ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் விரல் மடிக்கிறாள். இந்தப் புத்தகங்களை எழுதுகிறவர்களுக்குப் பிள்ளைகள் இல்லையா?
(ஒரு தாய், உப்புவெளி)

பதில்: இருக்கிறார்கள் அம்மா. புத்தகத்தின் முன்பக்கங்களைப் புரட்டினால் எழுத்தாளர் குழு என்று ஒரு பெயர்ப் பட்டியல் வரும். நம்மைப் போன்ற ஆசிரியர்களும் அதில் இருப்பார்கள். பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் மஹரகமவில் தேசிய கல்வி நிறுவகத்தின் வேலை. புத்தகம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்திலிருந்து வருகிறது. வினாத்தாள் பரீட்சைத் திணைக்களத்தின் பொறுப்பு. சோறு ஒரு வீட்டில், கறி இன்னொரு வீட்டில், பரிமாறுவது மூன்றாம் வீட்டில்.

2007 இல் 'ஐந்து ஈ' முறை வந்தது. ஆங்கிலத்தில் ஈ எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகள். வகுப்புக்குள் ஐந்து ஈ பறக்கிறது, எதை முதலில் அடிப்பது என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். நோக்கம் நல்லதுதான். ஆனால் 40 நிமிடப் பாடவேளையில் பிள்ளைகளைக் குழுவாக இருத்தி, கடதாசி வெட்டி ஒட்டி முடியவே மணி அடித்துவிடும். வாய்ப்பாடு பாடமாக்குவது பழைய காலத்து வேலை என்று யாரோ கிளப்பிவிட, அதுவும் கைநழுவிப் போயிற்று.

பாடமாக்கச் சொல்லுங்கள். ஏழெட்டு மறந்துபோனால் ஏழேழு 49, அதோடு இன்னொரு ஏழு என்று எட்டிப் பிடிக்கவும் பழக்குங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம் போதும். இதற்கெல்லாம் ரியூஷன் வேண்டாம்.

கேள்வி: மூதூர்ப் பக்கம் புதிதாக நியமனம் பெற்றிருக்கிறேன். பாடத்திட்டத்தை மாற்றுகிற இடத்தில் நான் இல்லை. என் அளவில் என்ன செய்யலாம் சேர்?
(ஒரு கணித ஆசிரியை)

பதில்: ஒரு கொப்பி வாங்குங்கள் மகள். பிள்ளைகளின் பிழையான விடைகளை அதில் எழுதுங்கள். பெயர் வேண்டாம். விடையும், ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டதற்குப் பிள்ளை சொன்ன காரணமும் போதும்.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்க முன்னம், பாதைப் படகுக்குக் காத்திருந்து அக்கரை போய்ப் பள்ளிக்கூடம் பார்த்த ஆசிரிய ஆலோசகன் நான். ஒருநாள் ஒரு பொடியன் கரும்பலகையில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினான். பிழை என்று அழித்துவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. இடைவேளையில் அவனே வந்தான்.

"சேர், ரெண்டு பந்தில ஒண்டுக்கு நாலு அடிச்சன். பிறகு மூண்டு பந்தில ஒண்டுக்கு அடிச்சன். மொத்தம் அஞ்சு பந்தில ரெண்டுதானே?"

எனக்குப் பேச்சு வரவில்லை. கிரிக்கெட்டில் அவன் சொன்னது சரி. அங்கே முழுமை மாறுகிறது, முதலில் இரண்டு பந்து, அடுத்தது மூன்று பந்து. பின்னங்களைக் கூட்டும்போது இரண்டும் ஒரே பொருளின் பங்கு. அவனிடம் பாணைப் பற்றிக் கேட்டேன். அரை றாத்தல் பாண் வைத்திருக்கிறாய், இன்னொரு துண்டும் தருகிறேன், இப்போது உன்னிடம் அரை றாத்தலை விடக் குறைவாகவா இருக்கும்? 2/5 அரையை விடச் சின்னது என்று அவனுக்கே பிடிபட்டது. ஒரு றாத்தலை ஆறு துண்டாக வெட்டினால் பாதிக்கு மூன்று, மூன்றிலொன்றுக்கு இரண்டு, மொத்தம் 5/6. பொது மடங்கு என்ற சொல்லை அன்று நான் வாயெடுக்கவே இல்லை.

ஓய்வுபெறும் வரை செயலமர்வுகளில் இதைச் சொல்லி வந்தேன். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் "எங்கட வகுப்பிலயும் ஒண்டு இருக்கு சேர்" என்று தொடங்கும். மறை 5 (-5), மறை 3 (-3) ஐ விடப் பெரியது என்று அடித்துச் சொன்னாளாம் ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை. கடல் ஆழத்தைப் பாகத்தில்தான் அளப்பார்கள்; ஐந்து பாகம் ஆழம் மூன்று பாகத்தை விடக் கூடத்தானே!

மஹரகமவில் மேசையில் இருந்து எழுதுகிறவருக்கு இந்தச் சாமான் கிடைக்காது. பாடத்திட்டத் திருத்தத்துக்குக் கருத்துக் கேட்டால் 'பின்னம் கடினம்' என்று ஒற்றை வரி எழுதி அனுப்புகிறோம். அதை வைத்து அவர் எதைத் திருத்துவது? தரம் 7 இல் இத்தனை பேர் இப்படி எழுதினார்கள், சொன்ன காரணம் இது என்று எழுதுங்கள். உங்கள் ஆசிரிய ஆலோசகரிடமும் கொப்பியைக் காட்டுங்கள்.

கேள்வி: சாதாரண தரம் எழுதப்போகும் மகன் யூடியூப்பில் தமிழ்நாட்டுக் கணிதப் பாடம் பார்க்கிறான். சொற்கள் குழப்புகின்றன. பார்க்க விடலாமா?
(ஒரு தந்தை, நிலாவெளி)

பதில்: பார்க்கட்டும். அவர்களின் இயற்கணிதம் நமக்கு அட்சரகணிதம். வடிவியல் என்றால் கேத்திரகணிதம், கணம் என்றால் தொடை, முகடு என்றால் ஆகாரம். ஓரிடத்தில் மட்டும் கவனம்: நம் புத்தகத்தில் 'இடை' என்பது சராசரி. அங்கே 'இடைநிலை அளவு' என்று சொல்வது நம் இடையம், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் பெறுமானம். இதை மாற்றி விளங்கிக்கொண்டால் புள்ளி போய்விடும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரலாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். மடக்கையை எழுதத் தேவையில்லை, அது இரண்டு கரையிலும் மடக்கைதான்.