திருத்தொண்டர் தம்பதியருக்கு வார இறுதித் தியானம் நடத்துவது எப்படி?

கேள்வி: மணமான நிரந்தரத் திருத்தொண்டர்களுக்கும் (குருவாகாமல் திருத்தொண்டராகவே, அதாவது டீக்கனாகவே, பணிசெய்பவர்கள்) அவர்கள் மனைவியருக்கும் வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை தியானம் நடத்தித் தரச் சொல்லியிருக்கிறார்கள். திருத்தொண்டு பற்றி எட்டு உரைகள் தயார். மனைவியருக்குத் தனியாக என்ன வைப்பது?

பதில்: தனியாக எதுவும் வைக்காதீர்கள். பிரித்து உட்காரவைத்தால் அவர்கள் துணைக்கு வந்தவர்கள் போல ஆகிவிடுவார்கள். மணமான ஒருவர் 35 வயது நிறைந்த பிறகு, மனைவியின் சம்மதத்தோடுதான் திருத்தொண்டராக முடியும் என்று திருச்சபைச் சட்டம் 1031 சொல்கிறது. அந்தச் சம்மதத்தைத் தந்தபோது அவர் என்ன எதிர்பார்த்தார், பிறகு என்ன நடந்தது என்று தம்பதியர் உட்கார்ந்து பேச வீட்டில் நேரமே கிடைப்பதில்லை. உங்கள் தியானம் அதற்குத்தான் இடம் கொடுக்க வேண்டும்.

அதனால் எட்டு உரைகளை நான்காகக் குறையுங்கள். விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரத்தை எப்படியும் எடுப்பீர்கள். அன்றாடப் பந்தியில் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீட்டில்தான் முதல் திருத்தொண்டர்களாகக் கருதப்படும் எழுவரின் பணியே தொடங்குகிறது, அதைப் படித்துவிட்டு நம் வீட்டில் கவனிக்கப்படாமல் இருப்பது யார் என்று கேட்டால் உரை தானாக வீட்டுக்குள் போய்விடும். 18ஆம் அதிகாரத்தில் அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியர் சேர்ந்தே அப்பொல்லோ என்ற போதகருக்குக் கற்பிப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

சனிக்கிழமை காலை உரை முடிந்ததும் ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொடுங்கள். 'கோவில் வேலையால் நாம் இழந்த ஒரு மாலை', 'உன் பணியில் நான் பெருமைப்பட்ட ஒரு தருணம்' என்று இரண்டே தலைப்பு. இருபது நிமிடம் தனித்தனியாக எழுதட்டும், அப்புறம் தாளை மாற்றிப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் இருவர் மட்டும் நடந்துவிட்டு வரட்டும். திரும்பி வந்ததும் குழுவில் பகிரச் சொல்லவே கூடாது. சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்தாலே உண்மையை எழுத மாட்டார்கள்.

திருப்பலியிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஞாயிறுதோறும் கணவர் பீடத்தில் நிற்க, மனைவி பிள்ளைகளோடோ தனியாகவோ கீழே உட்கார்ந்து பழகியவர். எல்லாத் திருத்தொண்டர்களையும் பீடத்துக்கு ஏற்றாமல் ஒரு திருப்பலிக்கு ஒருவர் பணிசெய்தால் போதும், மற்றவர்கள் மனைவி பக்கத்தில் உட்காரட்டும். சிலருக்கு இது பல வருடங்களில் முதல் தடவையாகக்கூட இருக்கும். தியானத்தை ஒரு திருத்தொண்டர் வழிநடத்தினாலும் திருப்பலிக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் குருவானவர் வேண்டும். பாவசங்கீர்த்தனம் கேட்க இவர்களோடு பங்கில் சேர்ந்து வேலை செய்யாத குருவாகப் பாருங்கள், இல்லையென்றால் மனைவியர் மனம்விட்டுப் பேசத் தயங்குவார்கள்.

பதிவு செய்யும்போதே மனைவியை இழந்தவர்கள், மனைவி வர முடியாதவர்கள் யார் என்று கேட்டு வையுங்கள். திருநிலைப்படுத்தப்பட்டவர் மனைவி இறந்தபின் சிறப்பு அனுமதி இல்லாமல் மறுமணம் செய்ய முடியாது. அப்படி ஒருவரைத் தம்பதியர் பயிற்சியின் நடுவில் தனியாக விட்டுவிட்டால் பெரிய வேதனை. அந்த ஒரு மணி நேரம் நீங்களோ குருவானவரோ அவரோடு நடந்துவிட்டு வாருங்கள்.

முழு மௌனம் இந்தத் தியானத்துக்குப் பொருந்தாது. இரவு செபத்திலிருந்து காலைச் செபம் வரை மௌனம் போதும். ஞாயிறு திருப்பலியில் திருமண வாக்குறுதியைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டோடு சொன்ன நேரத்துக்கு முடித்துவிடுங்கள், வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.