பழைய பட்டியலை அழிக்க விடாதீர்கள்

வணக்கம். கல்வி நிறுவனங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் பழைய அமைப்பொன்றின் இணையத்தளத்தைப் புதுப்பிக்கிறீர்கள். நிர்வாகக் குழு முகப்பில் நிறுவுநர் படங்களையும் வரலாற்றையும் போடச் சொல்கிறது, பழைய பக்கங்களை நீக்கச் சொல்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

வரலாற்றுக்கு ஒரு தனிப் பக்கம் போதும். முகப்பில் தேடற்பெட்டி இருக்கட்டும். வெள்ளவத்தையில் பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் ஒரு தாய், மகளைச் சேர்க்கவிருக்கும் கல்லூரியின் பெயரைத் தொலைபேசியில் தட்டினால், அங்கீகாரம் உண்டா, எந்தப் பாடநெறிக்கு, எந்தத் திகதி வரை என்பது உடனே தெரிய வேண்டும்.

அங்கீகாரம் இழந்த நிறுவனங்களைத் தயவுசெய்து அழிக்க விடாதீர்கள். 2009இல் பட்டம் பெற்றவருக்கு, அந்த ஆண்டில் அங்கீகாரம் இருந்தது என்பதே வேலைக்கான ஆதாரம். தொடங்கிய திகதியும் முடிந்த திகதியும் பட்டியலில் நிலைக்கட்டும். பழைய இணைய முகவரிகளை 301 வழிமாற்றால், அதாவது பழையதைத் திறப்பவரைத் தானாகவே புதிய பக்கத்துக்குக் கொண்டுசெல்லும் நிரந்தர ஏற்பாட்டால், புதியவற்றோடு இணையுங்கள். கடிதங்களிலும் கையேடுகளிலும் அச்சாகிவிட்டவற்றை இனி யாரும் திருத்த முடியாது.

தமிழ்ப் பக்கங்களையும் பாருங்கள். பழையவை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் புள்ளி வர வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி (;) நிற்கும், தேடினாலும் அகப்படாது. இன்றைய பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றியபின் ஒருவர் வரிவரியாக வாசித்தே ஆக வேண்டும். ஒருமுறை எழுத்துரு மாற்றும் மென்பொருளை மட்டும் நம்பினேன். ஒரு கல்லூரியின் பெயரே சிதைந்துபோனது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

குழுவிடம் வாதாட வேண்டாம். அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவரிடம் ஒரு வாரம் வரும் கேள்விகளைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளைக் கூட்டத்தில் வையுங்கள்.