வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு பவர் கண்டிஷனர் தேவையா? கேள்வி பதில்

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகளில் ஓடும் பழைய செட்டுகளைத் திறந்து பழுது பார்ப்பதே என் வேலை. அடுக்ககங்களில் அவற்றை வைத்துப் பாட்டுக் கேட்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, 1950களில் செய்த வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினேன். சுவர் பிளக்குக்கும் செட்டுக்கும் நடுவே வைத்து மின்சாரத்தைச் சுத்தப்படுத்தும் பெட்டியான பவர் கண்டிஷனர் இல்லாமல் அதைப் போடவே கூடாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை. கண்டிஷனருக்கு முன்னால் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். ஒரு வாரம் காலை, மதியம், நள்ளிரவு என்று சுவர் பிளக்கில் வரும் வோல்டேஜைக் குறித்து வையுங்கள். பிறகு செட்டின் பின்புறம் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். வம்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

220 வோல்ட்டுக்குச் செய்த செட்டுக்கு 240 வோல்ட் வந்தால் உள்ளே எல்லாமே 9 சதவீதம் ஏறிவிடும். வால்வுக்குள் சூடேற்றும் கம்பியான ஹீட்டர் 6.3 வோல்ட் கேட்டால் அதற்கு 6.9 போகும். வால்வின் பிளேட் என்ற தகட்டுக்குப் போகும் சப்ளை 400 வோல்ட் இருக்க வேண்டியது 436ஐத் தொடும். 117 வோல்ட் செட்டை 125இல் போட்டாலும் 7 சதவீதம் ஏறும். ஹீட்டர் 10 சதவீதம் வரை தாங்கும் என்பார்கள். தாங்கும்தான், ஆனால் எப்போதும் விளிம்பிலேயே நிற்கும் வால்வு சீக்கிரம் தேய்ந்துபோகும். எழுபது வயது டிரான்ஸ்ஃபார்மரும் அதோடு சேர்ந்து காயும்.

கண்டிஷனர் என்ற பெயரில் விற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை இரைச்சலை மட்டும் வடிகட்டும், வோல்டேஜைக் குறைக்காது. குறைக்க வழிகள் வேறு. செட்டின் டிரான்ஸ்ஃபார்மரிலேயே 240 வோல்ட் முனை இருந்தால் அதற்கு மாற்றலாம், செலவே இல்லை. இல்லாவிட்டால் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் செகண்டரியை, அதாவது 12 வோல்ட் தரும் சுருளை, மெயின்ஸுக்கு எதிர்த்திசையில் தொடராக இணைத்தால் 240 என்பது 228 ஆகிவிடும். செட் இழுக்கும் கரண்ட்டைவிட அதிகம் தாங்கும் செகண்டரியாக இருக்க வேண்டும். கம்பியைத் தொட்டுப் பழகியவர்தான் இதைச் செய்ய வேண்டும்.

கேள்வி: ஸ்பீக்கரில் எந்நேரமும் 'உம்ம்' என்ற சத்தம். கண்டிஷனர் வைத்தால் போகுமா?

பதில்: பெரும்பாலும் போகாது. என்னிடம் வந்த ஒருவர் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண்டிஷனர்கள் வாங்கிப் பார்த்திருந்தார். அவருடைய செட்டில் உள்ளே மின்சாரத்தைச் சமன்படுத்தும் ஃபில்டர் கண்டன்சர் உலர்ந்துபோயிருந்தது, அதை மாற்றினேன், சத்தம் நின்றது. அந்தப் பெட்டிகளை என்ன செய்தார் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஆம்ப்ளிஃபயருக்கு வரும் சிக்னல் வயர்களையெல்லாம் கழற்றுங்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றம் வெளியே இருக்கிறது. இரண்டு கருவிகள் இரண்டு வழியாக எர்த்தைத் தொடுகின்றன, அல்லது கேபிள் டிவி வயர் ஒன்று நுழைந்திருக்கிறது. கழற்றிய பிறகும் சத்தம் இருந்தால் குற்றம் செட்டுக்குள் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில், தடித்த தாழ்ந்த முனகல் கேட்டால் ஹீட்டர் வயரிங்கையோ வால்வையோ பாருங்கள். அதைவிட ஒரு ஸ்தாயி மேலே, 100 ஹெர்ட்ஸில் சற்றே கரகரத்தால் ஃபில்டர் கண்டன்சரைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: லிஃப்ட் ஓடும்போதும், பக்கத்து வீட்டில் விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைத் திருப்பும்போதும் 'கிர்ர்' என்கிறது. ரெக்கார்டு போட்டால் மட்டும்தான் இப்படி.

பதில்: கண்டிஷனருக்கு வேலை இருக்கும் இடம் இதுதான். டிம்மர் சுவிட்ச் மின்சார அலையை ஒவ்வொரு சுழற்சியிலும் வெட்டுகிறது. ஒவ்வொரு வெட்டும் வயர் வழியே கட்டடம் முழுவதும் பரவும். லிஃப்ட் மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியும், மலிவான எல்இடி விளக்கும், சார்ஜரும் தம் பங்கைச் சேர்க்கும். ரெக்கார்டு ஊசியிலிருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். அதைப் பல மடங்கு பெருக்கும்போது குப்பையும் சேர்ந்தே பெருகும். கண்டிஷனர் வகைகளில், செட்டை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும், நடுவில் உலோகத் திரை உள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் நல்ல பலன் தரும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. பேட்டரியில் ஓடும் ஏஎம் ரேடியோவை எந்த நிலையமும் கேட்காத அலைவரிசையில் வைத்து ரெக்கார்டு பிளேயர் அருகே கொண்டுபோங்கள். அதிலும் 'கிர்ர்' பலமாகக் கேட்டால் இரைச்சல் காற்று வழியாகவும் வருகிறது. காற்று வழியாக வருவதை பிளக்கில் செருகும் பெட்டி எப்படித் தடுக்கும்? வயரை இடம் மாற்றுங்கள், நல்ல ஷீல்டு உள்ளதாகப் போடுங்கள்.

கேள்வி: வீட்டு ஸ்டெபிலைசர் போதாதா? இன்வெர்ட்டரில் போடலாமா?

பதில்: ரிலே வகை ஸ்டெபிலைசர் படிப்படியாகத் தாவும், ஒவ்வொரு தாவலுக்கும் 'டக்' என்று கேட்கும். மோட்டார் கொண்டு வழுக்கிச் சரிசெய்யும் சர்வோ வகை பரவாயில்லை. சதுர அலை தரும் இன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரமிடும்.

கேள்வி: மின்சாரத்தைப் புதிதாகவே உருவாக்கித் தரும் ரீஜெனரேட்டர்?

பதில்: வேலை செய்யும். ஆனால் பத்து வாட் தரும் கிளாஸ் ஏ செட், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் நூறு வாட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் ரீஜெனரேட்டரின் சூடும் சேரும். சின்ன அறையில் இரண்டு அடுப்பு.

கேள்வி: என் செட்டில் இரண்டு கம்பி வயர்தான், எர்த் இல்லை. திடீர் வோல்டேஜ் எழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்புள்ள கண்டிஷனர் வைத்தால் பத்திரம்தானே?

பதில்: இல்லை. எர்த் இல்லாத செட்டின் உலோக உடலில் மின்சாரம் ஏறினால் எந்தக் கண்டிஷனரும் உங்களைக் காப்பாற்றாது. பழைய செட்டுகள் பலவற்றில் மெயின்ஸிலிருந்து உடலுக்கு ஒரு கண்டன்சர் போட்டிருப்பார்கள். அது ஷார்ட் ஆனால் நீங்கள் தொடும் உடலே லைவ் வயர். அதைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் ஒய் வகைப் பாதுகாப்புக் கண்டன்சர் போடச் சொல்லுங்கள். மூன்று கம்பி வயர் மாற்றி, எர்த்தை உடலில் இறுக்கி, லைவ் கம்பியில் ஃபியூஸ் வைக்க வேண்டும். அதுவரை அந்தச் செட்டை பிளக்கில் செருகாதீர்கள்.