வால்வைக் கழற்றிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: அப்பா வாங்கிய மர்ஃபி வால்வு ரேடியோ. ராத்திரியில் சில நிலையங்கள் கேட்கின்றன, பகலில் வெறும் இரைச்சல்தான். எல்லா வால்வையும் மாற்றணும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? (குளச்சல் வாசகர்)

பதில்: வேண்டாம். வால்வு என்பது பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடிக் குழல். அது எல்லாம் போன ரேடியோ ராத்திரியில் மட்டும் எப்படிப் பாடும்? உங்கள் பெட்டி பிடிக்கும் மீடியம் வேவ் அலை பகலில் தரையை ஒட்டித்தான் வரும். இருட்டிய பிறகு வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, தூரத்து நிலையமும் கேட்கும். பகலில் கேட்க நல்ல ஏரியல் வேண்டும். பத்துப் பதினைந்து மீட்டர் செம்புக் கம்பியை, கரண்டு லைனை விட்டுத் தள்ளி, மொட்டை மாடியில் இழுத்துக் கட்டுங்கள். இடி மின்னல் சமயத்தில் கழற்றிவிடுங்கள். இரைச்சல் கிளப்பும் எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பகலில் டயலை 285 மீட்டர் பக்கம் திருப்புங்கள். அது தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸ். நாகர்கோவில் வானொலியைத் தேடாதீர்கள், அது எஃப்எம் 101. சொந்த மாவட்டத்து நிலையம் அப்பா காலத்துப் பெட்டியில் வராது. மீடியம் வேவை ஒவ்வொரு ஊராக மூடிக்கொண்டு வருகிற வானொலி நிர்வாகத்துக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

எர்த் கொடுத்தால் இன்னும் தெளியும், ஆனால் எல்லா ரேடியோவுக்கும் கொடுக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கத் துளை வழியாக வால்வில் உள்ள எழுத்தைப் பாருங்கள். யுசிஎச் (UCH), யுபிஎஃப் (UBF), யுஎல் (UL) என்று 'யு'வில் தொடங்கினால் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் இல்லாத செட். அதன் சேசிஸிலேயே, அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்திலேயே, கரண்டு இருக்கும். குமிழ் கழன்று வந்தால் உள்ளே தெரியும் திருகைத் தொட்டாலும் அடிக்கும். அதில் எர்த் ஒயரைச் சேசிஸில் நீங்களாகச் சுற்றவே கூடாது. எழுத்து அழிந்திருந்தாலும் 'யு' என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

வால்வின் கண்ணாடிக்குள் வெள்ளி போல மினுங்கும் பூச்சு இருந்தால் உள்ளே காற்றுப் புகவில்லை. பால் போல வெளுத்திருந்தால் அந்த ஒன்று போய்விட்டது. அந்த மினுக்கத்தைக் காட்டித்தான் 'சிவப்புப் பாதரசம், லட்சக்கணக்கில் போகும்' என்று ஆக்கர் (பழைய சாமான்) கடைக்காரரும் தரகரும் வீடு தேடி வருகிறார்கள். அப்படி ஒரு பொருளே அதில் கிடையாது! மினுங்குவது பேரியம், காசு பெறாது. அதை நம்பி முன்பணம் கட்டி ஏமாந்தவர்கள் உண்டு. இன்னொரு கூட்டம் நல்ல வால்வைக் கழற்றிக்கொண்டு, பெட்டிக்குள் எஃப்எம் போர்டை வைத்துத் தந்துவிடும்.

கம்பி கட்டியும் பகலில் வராவிட்டால் மெக்கானிக்கை உங்கள் வீட்டுக்கே வரவழையுங்கள். கடலோர உப்புக் காற்றில், அலைவரிசையை மாற்றும் பேண்ட் சுவிட்ச் பச்சை பிடித்திருக்கும், அதைத் துடைக்கச் சொல்லுங்கள். பழைய பேப்பர் கண்டென்சர்களை மாற்றச் சொல்லுங்கள். காயில் எனும் கம்பிச் சுருளின் திருகில் ஸ்க்ரூ டிரைவரை வைக்க விடாதீர்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.